வரக்காப்பொலயில் ட்ரான்சிட்

கலஹாவிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் இரண்டு பேரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். ஒருவர் டவுன் பிள்ளையார். மற்றவர் வேன்காரர் காளிமுத்து. பிள்ளையாரைக் கும்பிட மறந்தாலும் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். காளிமுத்துவை மறந்தால் அவர் கடுகண்ணாவை வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டே வேனை ஓட்டுவார். அந்த வளைவுகளில் ட்ரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வேனில் இருப்பவர்கள் கும்பிட வேண்டிய சாமிகளின் எண்ணிக்கை மளமளவென்று கூடிவிடும்.

காளிமுத்துவுக்கு ஐம்பத்தேழு வயது. மீசைக்கு மட்டும் முப்பத்தைந்து. அதற்குமேல் வயது போகாமல் மாதம் இரண்டு தடவை சாயம் அடித்து நிறுத்தி வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருடங்களாகக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றுகிறார். அவருடைய வேனில் ஏறினால் விமான நிலையப் பாடம் இலவசம். வேண்டாம் என்றாலும் இலவசம்தான்.

பாடம் பேராதனைப் பாலத்தில் தொடங்கும்.

"பாஸ்போட்டு எங்க? எடுத்துக் காட்டுங்க. டிக்கட்டு? காட்டுங்க. ஏர்போட்டு வாசல்ல இப்பிடித்தான் கேப்பான். டிக்கட்டு இல்லாட்டி பெத்த தாயா இருந்தாலும் வெளியதான்."

கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்த பழைய ஓட்டை தெரியும் இடத்தில் வேனை மெதுவாக்குவார். "அந்தா பாருங்க. எக்ஸ்ரே மிசின் இதே மாதிரித்தான். இந்தப் பக்கம் பேக்கு போகும், அந்தப் பக்கம் வரும். உள்ள இருக்கிறதெல்லாம் அவனுக்குத் தெரியும். போன வருசம் ஒருத்தரோட பேக்கப் பாத்துட்டு, 'அங்கிள், கோழிக் கொழம்புல உப்புக் கொறவு'ன்னு சொல்லியிருக்கான்."

கேகாலையில் சப்பாத்து, பெல்ட், சில்லறை, போன் எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் போடும் பாடம். "கைப்பைல நூறு மில்லிக்கு மேல தண்ணி, எண்ண, சம்பல் எதுவும் கூடாது. சீனிச்சம்பல் தண்ணியா கட்டியான்னு அங்க நின்னு சண்ட போடாதீங்க. நம்ம வீட்டுல அது கட்டி. அவன்கிட்ட போனா தண்ணி."

வரக்காப்பொலதான் ட்ரான்சிட். அங்கே பலகாரக் கடைகளுக்கு முன்னால் இருபது முப்பது வெள்ளை வேன்கள் வரிசையாக நிற்கும். காளிமுத்து தன்னுடைய வேனையும் அவற்றுக்கு நடுவில் கொண்டுபோய் ஒளித்துவைப்பார். "எறங்குங்க. பாத்ரூம் போங்க. இலையில சுத்துன ஹலப்ப ரெண்டு வாங்கித் தின்னுங்க. இருவது நிமிசத்துல சரியான வேன கண்டுபுடிச்சு வந்து ஏறுங்க. தோஹாவுல ப்ளேன் மாறுறதும் இதேதான். பெரிய பேக்க தேடாதீங்க. அது தானா அடுத்த ப்ளேனுக்கு போயிரும். ஒங்களுக்குத்தான் வழி தெரியாது, பேக்குக்குத் தெரியும்."

இந்தப் பரீட்சையில் ஒருவர் தோற்றிருக்கிறார். சந்தோசமாக ஹலப்ப தின்றபடி வேறொரு வெள்ளை வேனில் ஏறி, ஒரு கல்யாண வீட்டுக்காரரோடு குருநாகல் போய்ச் சேர்ந்துவிட்டார். நல்ல சாப்பாடாம்.

நிட்டம்புவயில் குரல் தாழ்ந்துவிடும். சிரிப்பு நின்றுவிடும். "யாரு எத தந்தாலும் வாங்காதீங்க. மருந்துன்னு தருவாங்க, புள்ளைக்கு பால்மான்னு தருவாங்க. பெத்த தாய் தந்தாலும் வாங்காதீங்க. உள்ள என்னா இருக்குன்னு கடவுளுக்கும் கஸ்டம்ஸ்காரனுக்கும்தான் தெரியும்." இந்த ஒரு பாடத்தில் மட்டும் காளிமுத்து ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னதில்லை.

மற்றதிலெல்லாம் கூட்டினார். கூட்டினார் என்றால் கொஞ்சநஞ்சமில்லை. தோஹா விமான நிலையத்தில் ஒரு வாசலிலிருந்து மற்ற வாசலுக்கு நடப்பது கலஹாவிலிருந்து கம்பளைக்கு நடப்பதற்குச் சமம் என்றார். ஒருவர் கிளீன் சேவ் முகத்தோடு நடக்கத் தொடங்கி, தாடியோடு போய் ப்ளேன் ஏறினாராம். அங்கே நடுவில் உட்கார்ந்திருக்கும் மஞ்சள் கரடி பொம்மை கலஹா ஆஸ்பத்திரியைவிடப் பெரியது, அதன் மடியில் மூன்று குடும்பங்கள் குடியிருக்கின்றன என்றார். சிங்கப்பூர் விமான நிலையத்துக்குள் நீர்வீழ்ச்சி இருப்பது உண்மை. குடை இல்லாமல் போனால் காய்ச்சல் வரும் என்றது காளிமுத்து.

அதை நம்பியவர் பத்மாதேவி டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர், பென்சன் எடுத்துக்கொண்டு கண்டியில் இருக்கிறார். சிங்கப்பூர் போய்த் திரும்பி வந்ததும் வேனில் ஏறுவதற்கு முன்னால் கேட்டார்: "காளிமுத்து, நீர் சொன்னீர் எண்டு நான் அந்தத் தண்ணிக்குக் கிட்டக் குடையை விரிச்சுக்கொண்டு நிண்டனான். ஒரு துளி விழேல்லை. சனம் தண்ணியை விட்டிட்டு என்னைப் படம் பிடிச்சுது. இப்ப என்ர படம் எந்தெந்த நாட்டிலை கிடக்குதோ!"

"அதாங்க டீச்சர், நீங்க சர்வதேச அளவுல பிரபலமாயிட்டீங்க," என்று காளிமுத்து கதவைத் திறந்துவிட்டார்.

இவ்வளவும் சொல்கிற மனிதர் எத்தனை தடவை விமானம் ஏறியிருக்கிறார் என்று யாராவது கேட்டால், கண்ணாடியில் மீசையைப் பார்த்தபடி, "தோஹாவே நாலு தடவ," என்பார். தோஹா நாலு தடவை என்பது சரி. போய்வந்தது அவரில்லை, அவருடைய மனைவி ராக்கம்மா.

ராக்கம்மா பன்னிரண்டு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். பிறகு குவைத்தில் ஒரு வீட்டில் ஆறு வருடம் வேலை செய்தார். இடையில் ஒரு தடவை லீவில் வந்துபோனதால், போகவர நாலு தடவை தோஹாவில் ப்ளேன் மாறினார். பேசுகிற ஆளில்லை. புருசன் ஊருக்கெல்லாம் மஞ்சள் கரடியைப் பற்றிச் சொல்லும்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சிரிப்பார். காளிமுத்து அந்த விமான நிலையக் கதைகளை இவரிடம் ஒரு பிடி வாங்கி, ஊருக்கு ஒரு மூட்டையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

குவைத்திலிருந்து ராக்கம்மா கொண்டுவந்தது ஒரு அட்டியல். சிவப்புக் கல் வைத்தது. ஆறு வருட உழைப்பு கழுத்தோடு ஒட்டி நிற்கும்படி செய்தது. கோயில் திருவிழாவுக்கு மட்டும் போடுவார். அதைப் பார்த்து வளர்ந்தவள் மகள் நிஷாந்தினி. இப்போது லண்டனில் முதியோர் இல்லமொன்றில் வேலை. கூட வேலை செய்யும் மட்டக்களப்புப் பையனோடு கல்யாணம், வருகிற சனிக்கிழமை. அம்மா அப்பா இரண்டு பேருக்கும் விசா கிடைத்துவிட்டது.

"அம்மா, சாரி வாங்கிட்டேன், வளையல் வாங்கிட்டேன். எதுவும் கொண்டு வர வேணாம்," என்று நிஷாந்தினி போனில் சொன்னாள். "ஒங்க அட்டியல மட்டும் மறந்துறாதீங்க. அது இல்லாம நான் மணவறையில ஒக்கார மாட்டேன்."

கேட்டதும் ராக்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காளிமுத்துவுக்கு வேறு யோசனை. மொத்தக் கலஹாவும் வழியனுப்ப வரும். தோஹா நாலு தடவை போனவர் நடக்கிற மாதிரி நடக்க வேண்டும். எப்படி நடப்பது?

பயணத்துக்கு முதல் நாள் பேக்குகளை நிறுத்தார்கள். இதற்குக் காளிமுத்துவிடம் ஒரு தொங்கு தராசு இருக்கிறது. தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில் பெண்கள் பறித்த கொழுந்தை நிறுத்துக்கொண்டிருந்த பழைய முள்ளுத் தராசு. அங்கே புதிய மின்சாரத் தராசு வந்ததும் இதைப் பழைய இரும்பில் போட்டார்கள். காளிமுத்து தூக்கிக்கொண்டு வந்து வேன் கொட்டகையில் தொங்கவிட்டார். வெளிநாடு போகிறவர்களின் பேக்கெல்லாம் அதில்தான் நிறுக்கப்படும். அவர் வீட்டில் முப்பது கிலோ காட்டுகிற பேக்கு கட்டுநாயக்கவில் எப்போதும் முப்பத்திரண்டரை காட்டும். "ஏர்போட்டுத் தராசு அப்பிடித்தான், கூடக் காட்டும்," என்பார். பிரயாணிகள் அவசர அவசரமாக எதையாவது வெளியே எடுத்து, "அண்ணே, நீங்களே வச்சுக்கங்க," என்று கொடுத்துவிட்டு ஓடுவார்கள். அதற்காகவே ட்ரைவர் பேக்கு உள்ளே போகும்வரை வாசலில் நிற்பது வழக்கம். இருபத்திரண்டு வருடமாகக் காளிமுத்து வீட்டில் முறுக்கு, தொதல், கருவாடு, மாசி எதற்கும் பஞ்சமில்லை. கனடாவுக்குப் புறப்பட்ட அச்சாறில் பாதி கட்டுநாயக்கவைத் தாண்டியதில்லை.

ராக்கம்மா அந்தத் தராசின் பக்கம் திரும்பமாட்டார். மடுவத்தில் பன்னிரண்டு வருடம் அதைப் பார்த்தது போதும் என்று, பேக்கு நிறுக்கும்போதெல்லாம் வீட்டுக்குள் போய்விடுவார். அன்றும் போய்விட்டார்.

அந்த நேரத்தில் காளிமுத்து ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். பிரயாணிகளுக்கு அவர் சொல்வது, நகையைக் கையிலேயே வைத்துக்கொள் என்று. தனக்கு அதைவிட நல்ல புத்தி இருக்கிறது என்று நினைத்தார். "ஏ புள்ள, அட்டியல எங்கிட்ட குடு. கழுத்துல போட்டா தோஹாவுல திருடன் நீ கொட்டாவி விட்டு முடிக்கிறதுக்குள்ள கழட்டிருவான்."

"அங்க நான் ஒரு திருடனையும் பாக்கலீங்க."

"நீ பாத்தா அவன் என்னா திருடன்?"

ராக்கம்மா அட்டியலைக் கொடுத்தார். "பத்திரமா வைங்க. எங்க வைக்கிறீங்க?"

"எந்தத் திருடனும் பாக்காத எடத்துல." காளிமுத்து அதை ஒரு துணியில் சுற்றி, முறுக்கு வைத்திருந்த பிஸ்கட் டின்னின் அடியில் போட்டு, மேலே முறுக்கை அடுக்கி, டின்னைப் பெரிய பேக்கில் வைத்துப் பூட்டினார். உலகத்தில் எந்தத் திருடன் முறுக்கைக் கிளறப் போகிறான்?

இரவு ஏழரைக்கு ப்ளேன். காளிமுத்து காலை ஒன்பதுக்கே புறப்பட்டார். வேனை வேறு யாரும் ஓட்டக் கூடாது என்று தானே ஓட்டினார். வேனைத் திருப்பிக் கொண்டுவர, கலஹாவில் த்ரீவீலர் ஓட்டும் அமான் கூட வந்தான். பழக்கதோசத்தில் பேராதனைப் பாலத்தில், "பாஸ்போட்டு எங்க?" என்று காளிமுத்து கேட்டார். வேனில் இருந்த பிரயாணி ராக்கம்மா மட்டும்தான்.

"ஒங்க சட்டைப் பையில," என்றார் ராக்கம்மா.

கடுகண்ணாவையில் எக்ஸ்ரே, கேகாலையில் சப்பாத்து, வரக்காப்பொலயில் ட்ரான்சிட். வாயைத் திறந்தால் பாடமும் மூடினால் பயமும் வந்தது. வழியில் இரண்டு போன் வந்தன. ஒன்று மகள். மற்றது ருக்கியா. கலகெதரயில் தையல் கடை வைத்திருப்பவர், புருசன் தோஹாவில் வேலை, வருடம் ஒரு தடவை போய்வருகிறவர். காளிமுத்துவை நானா என்றுதான் கூப்பிடுவார். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்றும் அக்காவை ராத்தா என்றும்தான் அழைப்பார்கள். அன்றைக்கு அதே ப்ளேனில் அவரும் போகிறார். காளிமுத்துவே பிரயாணியாகிவிட்டதால் வேறு வேன் பிடித்திருந்தார்.

"நானா, கித்துள் பாணி போத்தல பெரிய பேக்ல வெக்கட்டா, கைல வெக்கட்டா?"

"பெரிய பேக்குல வைம்மா. நான் தோஹா போறப்பல்லாம் அப்பிடித்தான் செய்றது," என்றார் காளிமுத்து. பின்சீட்டில் ராக்கம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சிரித்தார்.

கட்டுநாயக்க வாசலில் இருபத்திரண்டு வருடமாகக் காளிமுத்து நின்ற இடம் ஒன்று இருக்கிறது. அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் போனதில்லை. இன்றைக்குப் போக வேண்டும். கதவுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றார். கேகாலைப் பாடம் முழுவதும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. சப்பாத்து இரண்டையும் கழற்றி, கோயில் வாசலில் விடுவது போலக் கதவோரமாக ஒழுங்காக வைத்தார். பெல்ட்டை உருவிச் சட்டைப் பையில் போட்டார். காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு உள்ளே போனார்.

பாதுகாப்புக்கு நின்ற ஐயா அவரை மேலும் கீழும் பார்த்தார். "அங்கிள், சப்பாத்து கோ? எங்க?"

"வெளியில வச்சிருக்கேன் சார்."

"ஏன்?"

"ஒங்களுக்கு வேல மிச்சம்னு."

அந்த ஐயா சிங்களத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் முதுகைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார்கள். ராக்கம்மா இதற்குள் தன் கைப்பையை மிசினில் போட்டு, அந்தப் பக்கம் எடுத்து, கவுண்டருக்கு எந்த வரிசை என்று பலகையில் பார்த்துவிட்டு, தள்ளுவண்டியோடு நின்றார்.

கவுண்டரில் பேக்குகளைத் தூக்கி வைத்தார்கள். "அங்கிள், இது முப்பத்திரண்டரை. இதுவும் முப்பத்திரண்டரை," என்றது கவுண்டர்ப் பிள்ளை.

"அது ஒங்க தராசு மிஸ். கூடக் காட்டும். இருவத்திரெண்டு வருசமா காட்டுது."

ராக்கம்மா முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "ரெண்டுலயும் ரெண்டரையா? ஏங்க, அந்த மடுவத்துத் தராசோட முள்ள நீங்க திருத்தவேயில்லையா?"

"முள்ளுக்கு என்னா? அதுலதான் எப்பவும் நிறுக்கிறது."

"அது கொழுந்துத் தராசுங்க! சாக்குக் கழிவுன்னு முள்ளையே ரெண்டரை கிலோ கொறச்சு வச்சது. பன்னெண்டு வருசம் என் கொழுந்துல தெனமும் ரெண்டரை கிலோ தின்ன முள்ளு அது. அதத் திருத்தாமலா இத்தன வருசமா ஊர்ல உள்ளவங்க பேக்கையெல்லாம் நிறுத்தீங்க?"

காளிமுத்துவின் கண்ணுக்கு முன்னால் இருபத்திரண்டு வருட முறுக்கும் தொதலும் வரிசையாகப் போயின. பதில் சொல்ல வாய் திறந்தார். காற்சட்டை இறங்கியது. பிடித்துக்கொண்டார். "சப்பாத்த எடுத்துட்டு வந்துர்றேன்," என்று வாசலுக்கு ஓடினார்.

சப்பாத்து வைத்த இடத்தில் இல்லை. துப்புரவுக்காரர் அதை ஒரு மூலையில் தள்ளிவைத்திருந்தார். அதைத் தேடிப் பிடித்து, ஒரு கதிரையில் உட்கார்ந்து போட்டு, பெல்ட்டைக் கட்டி, மீசையைச் சரிசெய்து வருவதற்குப் பதினைந்து நிமிடமாயிற்று. அதற்குள் ராக்கம்மா வேலையை முடித்துவிட்டார். தன் கைப்பையிலிருந்த சாவியால் ஒரு பேக்கைத் திறந்து கருவாட்டுப் பொதியையும் தேயிலைப் பைக்கட்டுகளையும் எடுத்தார். மற்றதைத் திறந்து முறுக்கு டின்னையும் மிளகாய்த்தூளையும் எடுத்தார். இரண்டும் சரியாக முப்பது. எடுத்ததையெல்லாம் கொண்டுபோய் வாசலில் வழக்கப்படி காத்துக்கொண்டிருந்த அமானிடம் கொடுத்தார். பேக்குகள் ரப்பர் பட்டையில் ஏறி உள்ளே போய்விட்டன.

இமிக்ரேசன் வரிசையில் காளிமுத்து விறைப்பாக நின்றார். அதிகாரி படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மீசை படத்தைவிடக் கறுப்பாக இருந்தது. கடைசியில் முத்திரை குத்தினார். உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்ததும் காளிமுத்துவுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது.

"பாத்தியா, ஒண்ணுமே இல்ல. பேக்கு ரெண்டும் சரியாயிருச்சா? எத எடுத்த?"

"கருவாடு, தேயில, மிளகாத்தூள். அப்புறம் அந்த முறுக்கு டின்னு."

காளிமுத்துவின் முகம் மாவு சலித்த மாதிரி வெளுத்தது. மீசை மட்டும் கறுப்பாகத் தனியே நின்றது.

"முறுக்கு டின்னா?"

"ஏன், பசிக்குதா?"

அவர் சொன்னார். ஒரு சொல்கூடக் கூட்டாமல் சொன்னார். ராக்கம்மா கத்தவில்லை. கையை எடுத்து வெறும் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஆறு வருசம்," என்றார். அவ்வளவுதான். காளிமுத்துவுக்கு அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முத்திரை குத்தியாகிவிட்டது. வெளியே போக முடியாது. போனை எடுத்தார். அமான் எடுத்தவுடன் கேட்டது கடுமுடு கடுமுடு என்ற சத்தம்.

"அமான்! என்னா திங்கிற?"

"முறுக்குண்ணே. நல்லாருக்கு. மேல் அடுக்கு முடிஞ்சிருச்சு. வேன் பார்க்ல நிக்கிறேன், ஒரு ஹயர் ஏத்தணும்…"

"திங்காத! வாயில இருக்கிறத முழுங்காத!"

"அண்ணே?"

"அடியில கைய விடு. துணி இருக்கா?"

கொஞ்ச நேரம் முறுக்கு நொறுங்கும் சத்தம். பிறகு ஒரு விசில். "அல்லாவே! அண்ணே, ராக்கம்மாக்காட அட்டியல்! இத ஏன் முறுக்குக்குள்ள போட்டீங்க?"

"பத்திரத்துக்கு."

"நல்ல பத்திரம்ணே. வரக்காப்பொல போறதுக்குள்ள முழுங்கியிருப்பேன்."

இன்னும் உள்ளே வராத ஆள் ஒருவர்தான் இருந்தார். காளிமுத்து ருக்கியாவைக் கூப்பிட்டார். அவர் அப்போதுதான் வாசலில் வந்து இறங்கியிருந்தார். அமான் டின்னோடு ஓடிப்போய் அவர் முன்னால் நின்றான். போனை ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"ருக்கியா, அமான் ஒரு டின்னு தருவான். வாங்கிட்டு உள்ள வாம்மா."

"ஏலா நானா."

"என்னா ஏலா?"

"ஆரு எத தந்தாலும் வாங்க வாணாமெண்டு நீங்கதானே சொன்ன. பெத்த உம்மா தந்தாலும் வாங்க வாணாமெண்டு சொன்ன. நிட்டம்புவல வெச்சு, ஒவ்வொரு டிரிப்பும் சொன்ன."

"அது மத்தவங்களுக்கு சொன்னதும்மா!"

"மத்தவங்க எண்டா நான்தானே நானா. ஒங்கட வேன்ல நான்தானே ஈந்த."

காளிமுத்து தலையில் கையை வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் கலப்படமில்லாமல் சொன்ன ஒரே பாடம், அதுவும் நன்றாகப் படித்த ஒரே மாணவியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. ராக்கம்மா போனை வாங்கினார்.

"ருக்கியா, நீ சொல்றதுதான் சரி. டின்ன தொடாத."

"ராத்தா?"

"அமான், முறுக்கெல்லாத்தையும் வெளிய கொட்டு. அட்டியல மட்டும் எடுத்து அவ கையில குடு. ருக்கியா, ஒனக்குத் தெரிஞ்ச அட்டியலா பாரு. தெரிஞ்சா, ஒளிக்காம கழுத்துல போட்டுட்டு வா. கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லு. ஒனக்கு மனசில்லாட்டி வேணாம். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

ருக்கியா அட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது போனில் தெரியவில்லை. ஆனால் தையல்காரர் ஒரு தையலை விடாமல் பார்ப்பவர், நேரமெடுத்தது. "ஒங்கட சிவப்புக் கல்லுதான் ராத்தா. கோயில் திருவிழாவுக்கு நீங்க போட்டு வார நேரம் நான் கண்டீக்கிறன். மூடின பெட்டி ஏலா. கண்ணால காண்ற சாமான் ஏலும்." பிறகு குரல் மாறியது. "ஆனா நானாகிட்ட ஒரு கேள்வி ஈக்குது. நானா, இது எத்தனையாவது ப்ளேன்?"

ஸ்பீக்கர் போட்டிருந்தது. அமான் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான். அமானுக்குத் தெரிந்தால் கலஹாவுக்குத் தெரியும், கலஹாவுக்குத் தெரிந்தால் நாவலப்பிட்டி வரைக்கும் போகும். காளிமுத்து ராக்கம்மாவைப் பார்த்தார். வெறும் கழுத்தைப் பார்த்தார்.

"இதுதாம்மா மொத தடவ."

"மறுகா தோஹா நாலு தரம்?"

"அது அவ."

"எனக்கு அப்பவே தெரியும் நானா," என்றார் ருக்கியா. "அந்தக் கரடி ஒங்கட ஆஸ்பத்திரியளவு இல்ல. என்ட தொதல் பெட்டி மட்டும் ஒவ்வொரு தரமும் ஏன் நிறை கூடி ஒங்கட கைக்கு வந்த எண்டுதான் இன்னும் தெரியா." அமான் சிரித்த சிரிப்பில் போன் கட்டாகிவிட்டது.

பிறகு முக்கால் மணிநேரம். காளிமுத்து வாசல் நம்பர் போட்ட பலகையையும் வழியையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பர் ஒரு தடவை மாறியது. எல்லோரும் எழுந்து வேறு வாசலுக்கு நடந்தார்கள். வாசல் நம்பர் மாறினால் உடனே எழும்பி நடக்க வேண்டும் என்று மினுவாங்கொடவில் அவர் சொல்லிக்கொடுக்கும் பாடம்தான். ஆனால் அவர் எழும்பவில்லை, ராக்கம்மாதான் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். கடைசி அழைப்பு என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது, கறுப்பு அபாயாவுக்கு மேலே சிவப்புக் கல் மின்ன, ருக்கியா மூச்சுவாங்க ஓடிவந்தார்.

"ரெண்டு எடத்துல கேட்டாங்க ராத்தா. நான் முறுக்குலேந்து தொடங்கி முழுக் கதையையும் சிங்களத்துல சொன்ன. ஒரு ஐயா கண்ணத் தொடச்சுத் தொடச்சுச் சிரிச்ச. அதுக்குத்தான் சுணங்கின."

அட்டியலைக் கழற்றி ராக்கம்மாவின் கழுத்தில் தானே மாட்டிவிட்டார். காளிமுத்து அதைத் தொட்டுப்பார்க்கக் கையை நீட்டினார். ராக்கம்மா ஒரு பார்வை பார்த்தார். கை திரும்பிப் போய்விட்டது.

தோஹாவில் எல்லாம் இருந்தது. தானாக நகரும் பாதை இருந்தது. காளிமுத்து அதில் காலை வைத்தபோது பாதை முன்னாலும் அவர் பின்னாலும் போக, ருக்கியாவும் ராக்கம்மாவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். கையை நீட்டினால் தண்ணீர் வரும் குழாய் இருந்தது. அவருக்கு மட்டும் வரவில்லை, பக்கத்துக் குழாயில் வந்தது. மஞ்சள் கரடியும் இருந்தது. உண்மையிலேயே பெரியதுதான். காளிமுத்து அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"எவ்வளவு பெருசுங்க?" என்று ராக்கம்மா கேட்டார்.

"நம்ம வேன விட கொஞ்சம் ஒசரம்," என்றார் காளிமுத்து. அவர் வாழ்க்கையில் சொன்ன மிகச் சிறிய அளவு அதுதான்.

சனிக்கிழமை நிஷாந்தினி மணவறையில் உட்கார்ந்தாள். கழுத்தில் சிவப்புக் கல். அந்தப் படம் கலஹாவில் எல்லாப் போனுக்கும் வந்தது. அடியில் அமான் எழுதியிருந்தான்: "முறுக்கு வாசம் வருது."

இப்போதும் காளிமுத்துதான் வேன் ஓட்டுகிறார். ஆனால் முன் சீட்டில் ராக்கம்மா உட்கார்ந்திருக்கிறார். பாடம் அவருடையது. சத்தமில்லாமல், கூட்டாமல், கேட்டதற்கு மட்டும் பதில். கடுகண்ணாவை ஓட்டையை மட்டும் காளிமுத்துவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். அதையும் பறித்தால் மனிதர் வேனை ஓட்டமாட்டார். பத்மாதேவி டீச்சர் போன மாதம் மறுபடி சிங்கப்பூர் போனார். ஏறியதும் கேட்டது ஒரே கேள்வி: "ராக்கம்மா, குடை தேவையோ?"

"வேணாங்க டீச்சர்."

தராசு இன்னும் கொட்டகையில்தான் தொங்குகிறது. அதன் முகத்தில் ராக்கம்மா சோக்குக்கட்டியால் பெரிதாக எழுதிவைத்திருக்கிறார்: ரெண்டரை கூட்டு. அதிலிருந்து ஒரு பேக்கும் கட்டுநாயக்கவில் கூடக் காட்டுவதில்லை. வாசலில் நிற்கும் காளிமுத்துவிடம் யாரும் எதையும் நீட்டுவதில்லை. முறுக்கு கனடாவுக்கே போய்விடுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காளிமுத்து வீட்டில் எண்ணெய் காய்கிறது. அவரே உட்கார்ந்து உரலைப் பிழிகிறார். முதல் முறுக்கு எப்போதும் கோணலாகத்தான் வருகிறது.